ஒரு ஷில்லிங்கும் ஒரு லம்போர்கினியும்



1896-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பேடக் வுட் என்னும் சிற்றூர் வழியே வால்டர் ஆர்னால்டு என்பவர் தம் மோட்டார் வண்டியை ஓட்டிச் சென்றார். ஊருக்குள் மணிக்கு 2 மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது அன்றைய சட்டம். வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்துபோக வேண்டும் என்பதும் சட்டம். ஆர்னால்டு போனதோ 8 மைல் வேகத்தில்; முன்னால் ஆளும் இல்லை. காவலர் ஒருவர் சைக்கிளில் ஏறி, ஐந்து மைல் துரத்திப் பிடித்தார். வேகத்துக்காக மட்டும் நீதிமன்றம் விதித்தது ஒரு ஷில்லிங். வழக்குச் செலவு தனி. பிரிட்டனில் வேகமாகப் போனதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மோட்டார் ஓட்டி என்று அவர் பெயர் நிலைத்துவிட்டது. அவர் என்ன தொழில் செய்தார் என்று பார்த்தால்தான் கதை சுவைக்கிறது. ஜெர்மனியிலிருந்து பென்ஸ் கார்களைத் தருவித்து விற்றவர் அவர். பிறகு தம் பெயரிலேயே காரும் செய்தார். காவலர் மூச்சிரைக்க மிதித்துத் துரத்த வேண்டியிருந்த வண்டி என்ற பெயர் ஒரு கார் வியாபாரிக்கு எவ்வளவு பெறும்? ஒரு ஷில்லிங்குக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. அதே ஆண்டு நவம்பரில் சட்டமும் மாறி, வரம்பு 14 மைலாக உயர்ந்தது.

அங்கிருந்து 125 ஆண்டுகள் தள்ளி வருவோம். 2021 அக்டோபரில் நார்வேயில் வசிக்கும் ஒருவர் ஜெர்மனிக்குப் போய் ஒரு லம்போர்கினி ஹுராகான் காரை வாங்கி, டென்மார்க் வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார். 130 கி.மீ. வரம்புள்ள நெடுஞ்சாலையில் மணிக்கு 236 கி.மீ. வேகத்தில் அவரை டென்மார்க் காவல்துறை பிடித்தது. கையில் சீட்டைக் கொடுத்து அனுப்பிவைக்கவில்லை, காரையே எடுத்துக்கொண்டது. வாங்கிய கார் வீட்டு வாசலைப் பார்க்கவில்லை. அந்த ஷில்லிங்குக்கும் இந்த லம்போர்கினிக்கும் நடுவே சட்டம் கற்றுக்கொண்ட பாடத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். கட்டிவிட்டுப் போகக்கூடிய அபராதம் தண்டனையாக இருப்பதில்லை, வேகத்தின் விலையாகிவிடுகிறது என்பது என் வாதம். விலை என்று ஆகிவிட்டால் வசதியுள்ளவர் வாங்கிக்கொள்வார். உச்ச வேகத்தைக் காட்டியே விற்கப்படும் கார்கள் இருக்கும் உலகத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

முதலில் அந்த உச்ச வேகம் என்ற எண்ணைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம். 1987-இல் ஃபெராரி எஃப்40 வந்தபோது அதன் உச்ச வேகம் மணிக்கு 324 கி.மீ. என்றார்கள். 1998-இல் மெக்லாரன் எஃப்1 386-ஐத் தொட்டது. 2005-இல் புகாட்டி வேய்ரான் 407. 2019-இல் அதே புகாட்டியின் சிரோன் கார் ஒன்று 490-ஐத் தாண்டியது. இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு வேண்டும். வேய்ரானின் 407-இலிருந்து சிரோனின் 490-க்கு வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்குதான். அதற்காகக் குதிரைத்திறனை 1,001-இலிருந்து 1,600-க்கு ஏற்றியதோடு, பின்புறத்தை நீட்டிக் காற்றை ஏமாற்றவும் வேண்டியிருந்தது. முழு வேகத்தில் வேய்ரானின் 100 லிட்டர் பெட்ரோல் தொட்டி சுமார் பன்னிரண்டு நிமிடத்தில் வற்றிவிடும். டயர் பதினைந்து நிமிடம் தாங்கும். டயருக்கு முன்பே பெட்ரோல் தீர்ந்துவிடுவது நல்லதுதான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சிரோன் 490-ஐத் தொட்டது ஜெர்மனியின் ஏரா-லெஸ்ஸியன் சோதனைத் தடத்தில். ஏறத்தாழ 9 கி.மீ. நீளத்துக்கு வளைவே இல்லாத பாதை அங்கே இருக்கிறது. ஆகவே உச்ச வேகம் என்பது காரோடு நம் வீட்டுக்கு வரும் பொருள் இல்லை. கார், டயர், தடம், காற்று, அனுமதி எல்லாம் ஒரு நாள் கூடி வந்தால் நிகழ்வது அது.

பொதுச் சாலையிலும் இது நிகழ்ந்தது உண்டு. 1938 ஜனவரி 28 அன்று ஃபிராங்க்பர்ட்டுக்கும் டார்ம்ஷ்டாட்டுக்கும் இடையிலான ஆட்டோபான் என்னும் ஜெர்மன் நெடுஞ்சாலையில் ருடால்ஃப் கராச்சியோலா மெர்சிடிஸ் பென்ஸில் மணிக்கு 432 கி.மீ.க்கு மேல் போனார். அதே நாள், சில மணி நேரத்துக்குள், அந்தச் சாதனையை முறியடிக்க ஆட்டோ யூனியன் காரில் புறப்பட்ட பேர்ண்ட் ரோஸ்மையர் பக்கவாட்டுக் காற்றில் கட்டுப்பாடு இழந்து உயிர்விட்டார். இருவருமே அந்தக் காலத்தின் தலைசிறந்த பந்தய வீரர்கள். சாலையில் வேறு வண்டியே விடப்படவில்லை. கராச்சியோலாவின் எண்ணைப் பொதுச் சாலையில் இன்னொரு கார் தாண்ட 2017 வரை ஆயிற்று. அப்போதும் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஒரு சாலையை அடைத்துவிட்டுத்தான் கோனிக்செக் காரை ஓட்டினார்கள். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் கார்கள் எங்கோ போய்விட்டன. அடைக்காத சாலை மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் லாரி போகும், குழந்தைகளோடு குடும்பம் போகும், மழை பெய்யும், காற்றடிக்கும்.

பிறகு எதற்காக அந்த எண்ணை விற்கிறார்கள்? 330 என்று ஸ்பீடாமீட்டரில் அச்சிட்டிருப்பதைப் பார்ப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது. ஓட்டிப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அந்த இன்பத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்கியவரின் மனத்தில் அது ஒரு கேள்வியை விதைக்கிறது: ஒரே ஒருமுறை மிதித்துப் பார்த்தால் என்ன ஆகிவிடும்? அப்போது அவர் முன்னால் வந்து நிற்பது அபராதத் தொகை. ஜெர்மனியில் 2021 நவம்பரில் உயர்த்தப்பட்ட பட்டியலின்படி, ஊருக்குள் வரம்பைவிட 70 கி.மீ.க்கு மேல் கூடுதலாகப் போனால் 800 யூரோ. இந்தியாவில் 2019 திருத்தச் சட்டத்துக்குப் பிறகு இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய். கோடிகளில் காரை வாங்கியவருக்கு இது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. வாடகை டாக்சி ஓட்டுபவருக்கோ அன்றைய வருமானமே போய்விடும். தாளில் ஒரே தண்டனை. கிடைக்கும் இடத்தில் இரண்டு. டாக்சிக்காரருக்கு அது சட்டம், மற்றவருக்குக் கட்டணம். ஜெர்மன் பட்டியலில் அந்த 800 யூரோவோடு மூன்று மாதம் ஓட்டக்கூடாது என்ற தடையும், இந்தியச் சட்டத்தில் இரண்டாம் முறை பிடிபட்டால் லைசென்ஸைப் பறிமுதல் செய்யும் வழியும் இருக்கின்றன. பல்லிருப்பது அந்தப் பகுதியில்தான். தொகை வெறும் முகவுரை.

இதைப் பின்லாந்து 1921-லேயே புரிந்துகொண்டது. அங்கே 20 கி.மீ.க்கு மேல் வரம்பை மீறினால் நாள்-அபராத முறை வந்துவிடும். கணக்கு எளிது: வரி போகக் கையில் நிற்கும் மாத வருமானத்தில் அடிப்படைச் செலவுக்கென 255 யூரோவைக் கழித்து, மீதியை 60-ஆல் வகுக்க வேண்டும், அது ஒரு நாளின் அபராதம். குற்றத்தின் அளவுக்கு ஏற்ப எத்தனை நாள் என்று பெருக்க வேண்டும். சாலையோரம் நிற்கும் காவலர் அங்கிருந்தே வருமான விவரத்தைச் சரிபார்த்துவிடுவார். 2023-இல் அந்நாட்டின் ஓலாண்ட் தீவுகளில் 50 கி.மீ. வரம்பில் 82 கி.மீ. வேகத்தில் போன தொழிலதிபர் ஒருவருக்கு 1,21,000 யூரோ விதிக்கப்பட்டது. சுவிட்சர்லாந்திலும் செல்வத்தைப் பார்த்தே நீதிமன்றம் தொகையை முடிவு செய்யும். 2010-இல் ஃபெராரி டெஸ்டரோசா ஓட்டிய ஒருவர் ஏறத்தாழ 2,99,000 பிராங்க் கட்ட நேர்ந்தது.

இங்கே முதல் ஆட்சேபம் எழும்: ஒரே குற்றத்துக்கு ஒருவருக்கு நூறு, இன்னொருவருக்கு லட்சம் என்றால் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பது என்ன ஆயிற்று? நியாயமான கேள்விதான். சமம் என்பதை எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதில் விடை இருக்கிறது. ஒரே குற்றத்துக்கு இருவருக்கும் ஒரு மாதச் சிறை என்றால் நாம் சமம் என்கிறோம். ஏனென்றால் இருவரிடமிருந்தும் பறிபோவது வாழ்நாளில் முப்பது நாள். பின்லாந்து முறையும் நாளைத்தான் பறிக்கிறது. அந்த நாளைப் பணமாக மாற்றும்போது மட்டும் அவரவர் சம்பாத்தியத்தைப் பார்க்கிறது. ஏழைக்கு ஒரு வாரத்து உழைப்பும் பணக்காரருக்கு ஒரு நிமிடத்து உழைப்பும் போகும் முறைதான் சமமின்மை.

இரண்டாவது ஆட்சேபம் கார்க்காரர்களிடமிருந்து வரும்: எங்கள் காரின் பிரேக் வேறு, டயர் வேறு, பழைய வண்டிக்கு வைத்த வரம்பை எங்களுக்கும் வைக்கலாமா? நல்ல ஸ்போர்ட்ஸ் கார் சாதாரணக் காரைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சாதகத்தை வேகம் எவ்வளவு சீக்கிரம் தின்றுவிடுகிறது என்று பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன; ஒன்று 100, மற்றது 120. ஒரே புள்ளியில் இரண்டும் ஒரே வலுவோடு பிரேக் பிடிக்கின்றன. 100-இல் வந்த கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தை மற்றது கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 66 கி.மீ. வெறும் 20 கி.மீ. வித்தியாசம் என்று நினைத்தது, மோதும் இடத்தில் 66 ஆக நிற்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால் வரும் வினை. கால் பிரேக்குக்குப் போக எடுக்கும் நேரத்தை இன்னும் சேர்க்கவில்லை; 250 கி.மீ. வேகத்தில் ஒரு நொடித் தாமதம் 69 மீட்டர். எந்தத் தொழிற்சாலையிலும் கண்ணுக்கும் காலுக்கும் இடையிலான நரம்பை மேம்படுத்தித் தருவதில்லை. இன்னொன்றும் உண்டு. முன்னால் 110-இல் லாரியை முந்த வெளியே வரும் ஒருவர் பக்கக் கண்ணாடியில் தொலைவில் ஒரு விளக்கைப் பார்க்கிறார். அவரைவிட 140 கி.மீ. கூடுதலாக அது வருகிறது என்று அவருக்குத் தெரியாது. எட்டு நொடியில் அந்த விளக்கு 300 மீட்டருக்கு மேல் நெருங்கிவிடும். உங்கள் காரின் பிரேக்கை நீங்கள் நம்பலாம். அவருடைய கணிப்பை எதைக் கொண்டு நம்புவீர்கள்?

மூன்றாவது ஆட்சேபம்தான் வலுவானது. அதன் பெயர் ஆட்டோபான். பெரும்பகுதியில் வரம்பே இல்லாத ஜெர்மன் நெடுஞ்சாலைகள் அப்படியொன்றும் கொலைக்களமாகிவிடவில்லையே என்பார்கள். அதில் உண்மை உண்டு. எதிரெதிர் வாகனம் கிடையாது, குறுக்குச் சாலை கிடையாது, நடப்பவர் கிடையாது. எந்த நாட்டிலும் இத்தகைய சாலை கிராமச் சாலையைவிடப் பாதுகாப்பானதுதான். ஆகவே அந்தப் பாதுகாப்பு சாலை அமைப்பு தருவது, வரம்பில்லாமை தருவதல்ல. சுவீடனின் யோரான் நில்சன் வகுத்த புகழ்பெற்ற விதிப்படி, சாலையின் சராசரி வேகம் 5 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடும். சட்டமும் அங்கே அவ்வளவு கைகட்டி நிற்கவில்லை. 2021-இல் செக் நாட்டுத் தொழிலதிபர் ஒருவர் ஏ2 ஆட்டோபானில் புகாட்டி சிரோனை 417 கி.மீ.க்கு விரட்டி, அடுத்த ஆண்டு அந்தக் காட்சியை வெளியிட்டார். மீற வரம்பு இல்லாததால் சீட்டுக் கொடுக்க வழியில்லை. சட்டவிரோதப் பந்தயம் என்ற பிரிவில் விசாரித்துப் பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். ஆனால் அவர் மோதியிருந்தால்? 1978 முதல் அங்கே 130 கி.மீ. என்பது பரிந்துரை வேகம். அதைத் தாண்டியவர் பொதுவாக அந்த விபத்து தம்மால் தவிர்க்க முடியாதது என்று கைகழுவ முடியாது, இழப்பீட்டில் பங்கு ஏற்க நேரும் என்று 1992-இலேயே ஜெர்மன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சீட்டு வராத சாலையிலும் கணக்கு இருக்கிறது. பின்னால் வருகிறது, அவ்வளவுதான்.

எண்ணே வேண்டாம், ஓட்டுபவரின் விவேகத்துக்கு விட்டுவிடலாம் என்பதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1995-இல் அமெரிக்கக் கூட்டரசு தன் தேசிய வரம்பை நீக்கியதும், மொன்டானா மாநிலம் பகலில் எண் இல்லாமல், நியாயமான, விவேகமான வேகத்தில் ஓட்டுங்கள் என்றது. 85 மைல் வேகத்தில் கமாரோ ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டி அபராதம் பெற்ற ஒருவர் வழக்காடினார். நியாயமான வேகம் எது என்று குடிமகன் முன்கூட்டி அறிய வழியில்லாததால் அந்தச் சட்டம் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1998-இல் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டே 75 மைல் என்ற பலகை வந்தது. அந்த வழக்கின் முரண் இதுதான்: விவேகத்தை நம்பிய சட்டத்தை எதிர்த்து வென்றவர் வேகக்காரர், கிடைத்தது எண். எழுதி வைத்த வரம்பு காவலரின் மனப்போக்கிலிருந்து ஓட்டுபவரைக் காக்கும் வேலியும்கூட.

வரம்புகள் ஸ்போர்ட்ஸ் கார்மேல் உள்ள பொறாமையில் பிறந்தவை என்றொரு முணுமுணுப்பும் உண்டு. 1964 ஜூனில் ஓர் அதிகாலை இங்கிலாந்தின் எம்1 சாலையில் ஏசி கோப்ரா கார் ஒன்று சோதனையாக 185 மைல் வேகத்தில் ஓடியது, பத்திரிகைகள் அமர்க்களப்படுத்தின. அடுத்த ஆண்டு 70 மைல் வரம்பு வந்ததும், அந்தக் காரால்தான் எல்லாம் என்ற கதை இன்றுவரை ஓடுகிறது. உண்மையில் 1965-இன் இறுதியில் மூடுபனியில் சாதாரணக் கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக்கொண்ட விபத்துகளே அரசை அவசரப்படுத்தின. தற்காலிகம் என்று வந்த விதி 1967-இல் நிரந்தரமானது. சட்டம் ஆயிரக்கணக்கான சாதாரண வண்டிகளைப் பார்த்து எழுதப்படுகிறது. பெரிய கார் அதன் கண்ணில் பட்டால், அதுவும் கூட்டத்தில் ஒன்றாகத்தான் படுகிறது.

கடைசி ஆட்சேபம் எளிய மக்களுடையது: கேமராவும் சலானும் அரசு பணம் பிடுங்கும் வழி. மரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்த கேமராவைப் பற்றி என்றால் நான் அவர்கள் பக்கம். ஆனால் வேகக் கேமரா பிறந்த கதையைக் கேளுங்கள். 1953-இல் மான்டி கார்லோ ராலியை வென்ற டச்சு வீரர் மவுரிஸ் கட்சோனிடெஸ், வளைவுகளில் இன்னும் வேகமாகப் போவது எப்படி என்று தம்மைத் தாமே அளக்க ஒரு கருவி செய்தார். அதுவே பின்னாளில் உலகச் சாலைகளில் நிற்கும் கட்சோ கேமரா ஆயிற்று. அளவை வேகத்தின் எதிரி இல்லை. அரசு பணத்துக்காகச் செய்கிறதா, உயிருக்காகவா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும்: முன்கூட்டிப் பலகை வைத்து, ஒன்றும் வசூலாகாத கேமராவை அது வெற்றி என்று கருதுகிறதா? இரு கம்பங்களுக்கு இடையே சராசரி வேகத்தை அளக்கும் முறை இந்தச் சோதனையில் தேறும். கேமராவுக்கு முன் பிரேக் பிடித்துத் தாண்டியதும் மிதிக்கும் வித்தை அதனிடம் பலிக்காது. இப்படி வேகமாகப் போவதில் மிஞ்சுவதும் அற்பமே: 30 கி.மீ. தூரத்தை 120-க்குப் பதில் 150-இல் கடந்தால் கிடைப்பது மூன்று நிமிடம்.

காரையே பறிப்பது கடுமை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். டென்மார்க்கில் 2021 முதல் எந்தச் சாலையிலும் 200 கி.மீ.யை எட்டினாலே கார் போகும். குத்தகைக்கு எடுத்த காரும் பறிபோகக்கூடும். அந்த இடத்தில் எனக்கும் தயக்கம் உண்டு. ஓட்டியவர் குற்றத்துக்குக் காரின் சொந்தக்காரர் அழக்கூடாது. சுவிட்சர்லாந்து 2013-இல் பெருவேகக்காரர்களுக்குக் குறைந்தது ஓராண்டுச் சிறை என்று வைத்து, பத்தாண்டு அனுபவத்துக்குப் பிறகு 2023-இல் நீதிபதிகளுக்குக் கொஞ்சம் நெகிழ்வு கொடுத்தது. கடுமைக்கும் அளவு வேண்டும். ஆனால் இரு நாடுகளும் பிடித்த திசை சரி: பணம் கொடுத்து வாங்க முடியாததைப் பறிப்பது. லைசென்ஸ் பறிபோனால் செல்வந்தரும் டாக்சியில்தான் போக வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. விரைவுச்சாலைகளில் கார்கள் 120 கி.மீ. வரை போகலாம் என்று மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்தது. நல்ல சாலை வந்துவிட்டது, நல்ல என்ஜின் வந்துவிட்டது என்பது அரசுத் தரப்பு. அந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கு வந்த வழியைக் கவனியுங்கள்: சாலை விபத்தில் உடல் முடங்கிய ஒரு பெண்ணின் இழப்பீட்டு மேல்முறையீடு அது. என்ஜினின் திறனைப் பற்றிய விவாதம் கடைசியில் ஒரு மருத்துவச் சான்றிதழின் முன் வந்து நின்றது.

முடிக்கும் முன் மீண்டும் அந்த வேய்ரானுக்குள் உட்காருவோம். சாதாரணமாக ஓட்டினால் அது 375 கி.மீ.யோடு நின்றுகொள்ளும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வண்டியை முழுதாக நிறுத்த வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்கு இடப்புறம் தரையோரமாக ஒரு துளை இருக்கிறது. அதில் இரண்டாவது சாவியைப் போட வேண்டும். டயர் முதலியவற்றைச் சரிபார்த்த பிறகே கார் தாழ்ந்து, பின்சிறகை மடக்கி, 407-க்குத் தயாராகும். நடுவில் பிரேக்கைத் தொட்டால் அந்த அனுமதி போய்விடும். ஜப்பானில் விற்ற நிசான் ஜிடி-ஆர் இன்னும் ஒரு படி மேலே போயிற்று: 180 கி.மீ. பூட்டை, கார் பந்தயத் திடலுக்குள் இருக்கிறது என்று செயற்கைக்கோள் சொன்னால்தான் திறக்கும். வால்வோ 2020 முதல் தன் கார்கள் எல்லாவற்றையும் 180-க்கு மேல் போகாமல் கட்டிவிட்டது. வேகத்தை மிக நன்றாக அறிந்தவர்கள், அதைச் செய்து விற்பவர்கள், அதற்கு இடமும் சாவியும் வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. வால்டர் ஆர்னால்டு ஒரு ஷில்லிங்கைக் கட்டிவிட்டு அதே வண்டியில் ஏறிப் போனார். இன்று சாலையோரம் ஒரு பெரிய காரை நிறுத்தும் காவலரின் கையில் இருக்க வேண்டியது ரசீதுப் புத்தகம் மட்டும் அல்ல. அந்த இரண்டாவது சாவியும்தான்.